மாதம் எட்டு உருவம் போதுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மேசை விளையாட்டுகளுக்கான சிறு உருவங்களைக் கணினியில் வடித்து, வாங்குபவர்கள் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும் கோப்புகளாகச் சந்தா முறையில் விற்கிறேன். தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. மாதம் எட்டு உருவங்கள் தருகிறேன். திரவ ரெசினை (பிசினை) ஒளியால் அடுக்கடுக்காக உறையவைத்து உருவமாக்கும் சிறிய ரெசின் பிரிண்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது; நேரம் கிடைக்கும்போது ஒன்றிரண்டை அச்சிட்டுப் பார்ப்பேன்.

சந்தாதாரர்கள் அறுபதைத் தாண்டவில்லை. புதிதாக இருபது பேர் வந்தால், எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொண்டு பதினெட்டுப் பேர் போய்விடுகிறார்கள். பெரிய குழுக்கள் மாதம் முப்பது, நாற்பது என்று அள்ளிக் கொடுக்கின்றன. நானும் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்து எண்ணிக்கையைக் கூட்டலாமா? பலரும் கேட்கிற புகழ்பெற்ற அரக்கர்களைச் செய்துகொடுத்தால் கூட்டம் நிற்குமா? சென்ற மாதக் கோப்புகளையும் ஒரு புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இப்போதைக்கு ஆள் வைக்காதீர்கள். அகலக்கால் வைத்துச் சிக்கிக்கொண்ட நல்ல சிற்பிகள் சிலரை எனக்குத் தெரியும். எண்ணிக்கையைக் கூட்டினால், போகிறவர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் சந்தாதாரர் ஒருவரின் மாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 மி.மீ. அளவு மனித உருவம், சாய்த்துவைத்து சப்போர்ட் (அச்சாகும்போது தாங்கிப்பிடிக்கும் மெல்லிய கம்பிகள்) கொடுத்தபின் சுமார் 50 மி.மீ. உயரம் வருகிறது. ஓர் அடுக்கு 0.05 மி.மீ. என்றால் ஆயிரம் அடுக்குகள். அடுக்குக்கு ஒன்பது விநாடி வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம். உருவங்கள் தலைகீழாக ஒட்டிக்கொண்டு மேலெழும் தட்டில் ஒன்று இருந்தாலும் எட்டு இருந்தாலும் அதே நேரம்தான். திரை ஓர் அடுக்கு முழுவதையும் ஒரே வீச்சில் உறையவைத்துவிடுகிறது. ஆகவே அச்சிடுவதில் அவருக்குச் சிரமம் இல்லை. அதற்குப் பிறகு ஆல்கஹாலில் கழுவி, சப்போர்ட்டுகளைக் கிள்ளி எடுத்து, புற ஊதா விளக்கில் இறுக்கி, அடிப்பூச்சு பூசி, வண்ணம் தீட்ட வேண்டும். ஓர் உருவத்துக்கு ஒரு மாலையாவது போய்விடும். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு வாரத்தில் இரண்டு மாலை வாய்த்தால் பெரிது. மாதத்துக்கு எட்டு. நீங்கள் கொடுக்கிற எண்ணிக்கை அவருடைய வாழ்க்கைக்கு ஏற்கெனவே பொருந்தித்தான் இருக்கிறது.

அவருக்கு முப்பது கொடுத்தால் மூன்று மாதத்தில் தொண்ணூறு கோப்புகள் சேரும். அவற்றில் பத்தோ பதினைந்தோ வண்ணம் பெற்றிருக்கும். மற்றவை கணினியில் கிடந்து அவரை உறுத்தும். என் சந்தாவிலிருந்து விலகுகிறவர்களிடம் காரணம் கேட்டு ஒரு வரி எழுதுவேன். மிக அதிகமாக வந்த பதில், “இருப்பதை முதலில் அச்சிட்டு முடித்துவிட்டு வருகிறேன்” என்பதுதான். பிடிக்காமல் போகிறவர்களைவிடத் திணறிப் போகிறவர்களே அதிகம்.

அப்படியானால் உங்களிடமிருந்து ஏன் போகிறார்கள்? நீங்கள் அனுப்பியதில் மூன்றை அச்சிட்டுப் பார்த்தேன். உங்கள் கை நல்ல கை. அந்தப் படகோட்டிக் கிழவியின் முகச் சுருக்கங்களும், இடுப்பில் செருகிய முந்தானை மடிப்பும் இந்தச் சின்ன அளவிலும் துல்லியமாக நிற்கின்றன. ஆனால் அவளுடைய வலது கை என் தட்டில் இல்லை. துடுப்போடு சேர்ந்து ரெசின் தொட்டியின் அடிப்படலத்தில் ஒட்டிக் கிடந்தது. கோப்பை ஸ்லைசரில் (உருவத்தை அடுக்குகளாக வெட்டிக்காட்டும் மென்பொருளில்) திறந்து அடுக்கு அடுக்காக நகர்த்திப் பார்த்தேன். முழங்கையின் நுனி 212ஆம் அடுக்கில் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொடங்குகிறது. அங்கே ஒரு சப்போர்ட் இல்லை. பிடித்துத் தூக்க ஏதும் இல்லாததால் அந்தப் புள்ளி படலத்திலேயே தங்கிவிட்டது. அதன்மேல் வந்த கை முழுவதும் அதோடு போய்விட்டது. இதைப் பார்த்த சந்தாதாரர் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார். தன் இயந்திரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார், தொட்டியை வடிகட்டிச் சுத்தம் செய்வார், மறுபடி அச்சிடுவார், மறுபடியும் கை வராது. மாதக் கடைசியில் சந்தாவை நிறுத்திவிடுவார்.

2018, 2019 வாக்கில் எல்சிடி திரை வைத்த சிறிய ரெசின் பிரிண்டர்கள் வீட்டு மேசைக்கு வந்ததால்தான் நம் தொழில் இந்த அளவுக்கு வளர்ந்தது. முன்பு தொழிற்சாலை பார்த்துக்கொண்ட வேலையை இப்போது வாங்குபவர் செய்கிறார். அவருடைய அறையில் எது கெட்டாலும் பொறுப்பு நம்முடையது என்று நினைத்தால்தான் இதில் நிலைக்க முடியும். எட்டையும், ஒன்று விடாமல், நீங்களே அச்சிட்டுப் பார்த்த பிறகே வெளியிடுங்கள். உங்கள் பிரிண்டரில் வந்தால் மட்டும் போதாது. பழைய இயந்திரமும் வேறு ரெசினும் வைத்திருக்கும் இரண்டு சந்தாதாரர்களுக்கு ஒரு வாரம் முன்பே கோப்புகளை அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஈடாகச் சந்தாவை அவர்களுக்கு இலவசமாக்கிவிடுங்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ரெசின் மிச்சமாகட்டும் என்று ஒரு பெரிய டிராகனை உள்ளே கூடாக்கி வெளியிட்டேன். உள்ளே தங்கும் ரெசின் வெளியேற வடிதுளை ஒன்று வைத்திருந்தேன். கழுத்து வளைவில் தேங்குவது வடிய வழி செய்யவில்லை. அச்சு அழகாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவர் படம் அனுப்பினார். அலமாரியில் நின்றிருந்த டிராகனின் கழுத்து நீளவாக்கில் வெடித்து, உறையாத ரெசின் பிசுபிசுவென்று ஒழுகி, பக்கத்தில் இருந்த நான்கு உருவங்களையும் பாழாக்கியிருந்தது. அவர் பல மாதம் உட்கார்ந்து தீட்டியவை அவை. வயிற்றைப் பிசைந்தது எனக்கு. அன்றிரவே கோப்பைத் திருத்தி, பதிவிறக்கிய அத்தனை பேருக்கும் தவறு என்னுடையது என்று எழுதினேன். அந்த வாரம் யாரும் விலகவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

எட்டும் ஒன்றோடொன்று உறவாட வேண்டும் என்பது அடுத்தது. சென்ற மாதம் கிழவி, குதிரைவீரன், காளான் மனிதன், கடற்கன்னி என்று தனித்தனியாக நிற்கிறார்கள். ஒரு படகுத்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். கிழவி, அவளிடம் சுங்கம் பிடுங்கும் இரண்டு காவலர்கள், ஆற்றில் ஒளிந்திருக்கும் ஒன்று, கட்டிப்போட்ட படகு. விளையாட்டை நடத்துபவருக்கு அடுத்த ஆட்டம் தயாராகிவிடும். அடுத்த மாதம் அதே ஆற்றின் மறுகரை என்று அறிவித்தால் காத்திருக்க அவருக்குக் காரணம் கிடைக்கிறது. இப்படிச் செய்ய இரண்டு மாத உருவங்களாவது கைவசம் முடிந்திருக்க வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தால் ஒரு வெளியீடு தள்ளிப்போகும் நிலையில் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது.

பதிவிறக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றிக் கசப்பு வேண்டாம். பழைய மாதங்களைச் சந்தாவோடு சேர்த்துக் கொடுக்காமல் தனியாக, கூடுதல் விலைக்கு வையுங்கள். அச்சிட்ட உருவங்களை விற்கும் சிறு வணிகர்களுக்கென உயர்ந்த சந்தா ஒன்றையும் திறந்துவிடுங்கள். சந்தா இருக்கும்வரைதான் விற்பனை உரிமை என்பதால், என் அனுபவத்தில் நீண்ட காலம் தங்குகிறவர்கள் அவர்கள்தான். அச்சிட்ட பொருளை விற்கலாம், கோப்பை விற்கவோ பகிரவோ கூடாது, சந்தா நின்றபின் கையிருப்பை என்ன செய்யலாம் என்பதையெல்லாம் எளிய வாக்கியங்களில் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

புகழ்பெற்ற அரக்கர்கள் வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு ஒன்று, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 ஜனவரியில் வெளியானது உண்மை. ஆனால் பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற, அந்த விளையாட்டை வெளியிடுகிறவர்களின் சொந்தப் படைப்பான அரக்கர்களுக்கான விவரக் குறிப்புகள் அதில் இல்லை. விதிகளைப் பொதுவில் விட்டார்கள் என்பதால் ஓவியங்களும் பொதுவாகிவிடாது. டிராகனும் கிரிஃபினும் மினோட்டாரும் பழங்கதைகளின் சொத்து. அவற்றை உங்கள் கையால் புதிதாக வடிக்கலாம். காளான் மனிதனைப் போல ஒன்றைக் கற்பனை செய்யத் தெரிந்தவர் இரவல் அரக்கனிடம் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. புகைப்படத்தில் உறையாத உருவத்தை வெறுங்கையால் பிடித்திருக்கிறீர்கள். கையுறை போடாமல் இனிமேல் தொடாதீர்கள். திரும்பத் திரும்பப் பட்டால் தோலில் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் பெரும்பாலும் போவதில்லை. அப்புறம் இந்தத் தொழிலையே செய்ய முடியாது.

கிழவியின் முழங்கையைச் சரிசெய்து அந்தக் கோப்பை எனக்கு மறுபடி அனுப்புங்கள். இந்த வாரமே அச்சிட்டுப் பார்த்து எழுதுகிறேன்.