கிட்டார் சத்தம் இரண்டு முறை கேட்கிறதா? இன்னொரு பெட்டி வாங்காதீர்கள்

கேள்வி: புதிதாக ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் கிட்டார் ப்ராசஸர் (கிட்டார் ஒலியைப் பல விதமாக மாற்றித் தரும் பெட்டி) வாங்கி, யூஎஸ்பி கேபிள் மூலம் விண்டோஸ் லேப்டாப்பில் இணைத்திருக்கிறேன். ரெக்கார்ட் செய்ய உட்கார்ந்தால் ஹெட்ஃபோனில் ஒவ்வொரு மீட்டலும் இரண்டு முறை கேட்கிறது. டிஸ்டார்ஷன் போட்டாலோ, வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரே இரைச்சல். கடையில் கேட்டேன். ‘தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், நல்ல ப்ரீசெட் (முன்கூட்டியே அமைத்துவைத்த ஒலிகள்) தொகுப்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். யூஎஸ்பி வழியாக ரெக்கார்ட் செய்யலாம் என்று உங்கள் ப்ராசஸரின் பெட்டியில் போட்டிருந்தால், அதற்குள்ளேயே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் கருவி, இருக்கிறது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருளை மறுபடியும் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த இரண்டாவது பெட்டியையும் வாங்கிவிட்டு, கோளாறு அப்படியே இருக்கிறது என்று வந்து நிற்கிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

முதலில் அந்த இரட்டைச் சத்தம். கிட்டாரில் நீங்கள் மீட்டியது ப்ராசஸரிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்கு வருகிறது. அதே ஒலி யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போய், ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் தாமதமாக அதே ஹெட்ஃபோனுக்குத் திரும்புகிறது. வழி இரண்டு, சத்தமும் இரண்டு. எதுவும் பழுதாகவில்லை. சாஃப்ட்வேரில் நீங்கள் ரெக்கார்ட் செய்யும் ட்ராக்கில் ‘இன்புட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். சிலவற்றில் சின்ன ஸ்பீக்கர் படம் போட்டிருப்பார்கள். அதை அணைத்துவிடுங்கள். ரெக்கார்டிங் வழக்கம்போல் நடக்கும், காதுக்கு ஒரே சத்தம்தான் வரும். உங்கள் கேள்வியின் முதல் பாதி இத்தோடு தீர்ந்தது.

ஹெட்ஃபோனை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. லேப்டாப்பில் செருகியிருந்தால் கழற்றி ப்ராசஸரில் செருகுங்கள். விண்டோஸில் ஏசியோ (ASIO) ட்ரைவரை, அதாவது ரெக்கார்டிங் சாஃப்ட்வேரையும் கருவியையும் தாமதம் குறைவாக இணைக்கும் மென்பொருளை, பயன்படுத்தும்போது உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே கருவி வழியாகத்தான். விண்டோஸின் ஒலி அமைப்பிலும் ப்ராசஸரையே தேர்ந்தெடுத்திருந்தால் பாட்டும் படமும்கூட அதன் வழியாகவே கேட்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரி.

ட்ரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். எந்தக் கருவிக்கும் பொருந்தும் என்று சொல்லப்படும் பொது ட்ரைவர் அவசரத்துக்கு உதவும். சொந்த ட்ரைவர் இருக்கும்போது அதை நாடவேண்டிய அவசியமில்லை. ஆப்பிள் கணினிகளில் பல ப்ராசஸர்கள் ட்ரைவர் இல்லாமலே ஓடும். விண்டோஸ்காரர்கள்தான் அல்லாடுகிறார்கள். இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் கருவியைக் காணவில்லை என்றால், கணினிக்காரர் ப்ராசஸர் நிறுவனத்தைக் கேட்கச் சொல்வார், அவர்கள் கணினிக்காரரைக் கேட்கச் சொல்வார்கள். நன்றாக உழைக்கும் ஒரு பெட்டியைப் பழைய மாடல் என்று சொல்லி ட்ரைவர் எழுதுவதை நிறுத்திவிடுவது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

தாமதத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். சாஃப்ட்வேரில் ‘பஃபர்’ என்று ஓர் எண் இருக்கும், ஒலியை எத்தனை துளிகளாகச் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பது அது. ஒரு செகண்டுக்கு எத்தனை துளிகள் என்பதுதான் சாம்பிள் ரேட். சாம்பிள் ரேட் 44,100 ஆகவும் பஃபர் 1024 ஆகவும் இருந்தால், ஒரு பக்கத்துக்கு மட்டும் சுமார் 23 மில்லி செகண்டு. போகவர அதைப்போல் இரு மடங்குக்குமேல் ஆகும், அந்த வழியைக் கேட்டுக்கொண்டு வாசிக்க முடியாது. 48,000, 128 என்று வைத்தால் ஒரு பக்கம் 3 மில்லி செகண்டுகூட இல்லை. ஒரு மில்லி செகண்டில் ஒலி காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து நாலைந்து தப்படி தள்ளி நின்று வாசிக்கும்போது உண்டாகும் தாமதம் பத்து மில்லி செகண்டை ஒட்டி இருக்கும், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பஃபரைக் குறைத்ததும் பட் பட்டென்று வெடிக்கும் சத்தம் வந்தால் கணினி திணறுகிறது என்று பொருள், 256க்கு ஏற்றிவிடுங்கள். சாம்பிள் ரேட் மட்டும் ப்ராசஸரிலும் சாஃப்ட்வேரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 44,100இல் பதிந்தது 48,000இல் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் சுருதி ஏறிவிடும். பாடகர் பாவம், தன் குரல்தான் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

சரி, அந்த வண்டு இரைச்சலுக்கு வருவோம். எலெக்ட்ரிக் கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்குமேல் உள்ள ஒலியைப் பெரும்பாலும் வெளியே விடாது. டிஸ்டார்ஷனின் கூர்மையையெல்லாம் மழுக்கித் தருவது அதுதான். ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் அப்படியே காதில் கொட்டும். அதனால்தான் ப்ராசஸருக்குள் ‘கேபினெட் சிமுலேஷன்’ அல்லது ‘ஐஆர்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், அந்த ஸ்பீக்கரின் வேலையை அது செய்யும். அவுட்புட் அமைப்பில் ‘ஆம்ப்’ அல்லது ‘காம்போ’ என்று இருந்தால் பல ப்ராசஸர்களில் இது அணைந்துவிடும். ‘லைன்’ அல்லது ‘ஹெட்ஃபோன்’ என்று மாற்றுங்கள், அப்புறம் நீங்கள் வாசிக்கும் ப்ரீசெட்டில் கேபினெட் சிமுலேஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: ப்ராசஸரில் ஒரு ஆம்ப், சாஃப்ட்வேரில் இன்னொரு ஆம்ப் ப்ளக்-இன் என்று இரண்டையும் ஓடவிட்டாலும் இதே இரைச்சல்தான். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இப்போது ப்ரீசெட் வியாபாரம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ப்ரீசெட் என்பது யாரோ ஒருவர் தன் கிட்டார், தன் பிக்கப், தன் கை அழுத்தம், தன் ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருகி வைத்த எண்களின் தொகுப்பு. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்குச் செய்ததை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் போட்டால் மெலிந்து கீச்சிடும், மாற்றிப் போட்டால் குழம்பும். விற்பவரின் மாதிரி வீடியோவில் பேஸ், ட்ரம்ஸ், கடைசி மிக்ஸிங் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். வீட்டில் தனி கிட்டாராகக் கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும், உடனே அடுத்த தொகுப்பை விற்பார்கள். போன மாதம் ஓர் இளைஞர் நூற்றுக்கும் மேற்பட்ட ப்ரீசெட்டுகளோடு வந்தார். எல்லாமே வண்டாகக் கத்துகிறது என்றார். அவுட்புட் அமைப்பு ‘ஆம்ப்’பில் இருந்தது. லைனுக்கு மாற்றியதும், கருவியோடு வந்த முதல் ப்ரீசெட்டிலேயே நல்ல ஒலி வந்துவிட்டது. அவர் செலவழித்த காசு திரும்ப வரவில்லை. திருட்டு சாஃப்ட்வேரை ஏற்றித் தந்துவிட்டு ‘செட்டப் கூலி’ வாங்குகிறவர்களையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

தனி இன்டர்ஃபேஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனி ட்ராக்கில் பதிய வேண்டும் என்றால்தான் அது. ஏசியோவில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் இடம். ப்ராசஸரில் மைக் இன்புட் இல்லாவிட்டால் வேறு வழியில்லை, இன்டர்ஃபேஸ் வாங்கலாம். ஆனால் இணைக்கும்போது கவனம். ப்ராசஸரின் அவுட்புட் ஜாக்கிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ சுவிட்ச் அணைந்திருக்கட்டும். மைக்குக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போட்டிருந்தால் ப்ராசஸரை எக்ஸ்எல்ஆர் முனையில் செருகாதீர்கள், சின்ன இன்டர்ஃபேஸ்களில் ஒரே சுவிட்ச் இரண்டு சேனலுக்கும் மின்சாரம் அனுப்பும். ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை எடுத்து, பேலன்ஸ்ட் லைன் இன்புட்டில் செருகும் தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். அந்த இன்புட் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துத்தான் எடுக்கும். இரண்டிலும் பொதுவாக இருப்பது, அதாவது உங்கள் கிட்டாரின் உடம்பு, காணாமல் போய் ரிவெர்ப் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ‘லெஃப்ட்/மோனோ’ என்று போட்ட ஓட்டையிலிருந்து சாதாரண கிட்டார் கேபிள் ஒன்று போதும்.

லேப்டாப் ப்ராசஸரைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், தகவல் கடத்தும் கம்பி உள்ளே இருக்காது. ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்றினால் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்வதால்) வரும் சத்தம். அதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து, கேட்காதீர்கள். ரெக்கார்ட் செய்யும் நேரத்துக்குச் சார்ஜர் இல்லாமலே ஓட்டுங்கள். அளவைப் பொறுத்தவரை, பலமாக வாசிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நின்றால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரட்டைச் சத்தம் போகவில்லை என்றால், இரண்டு படங்கள் எடுத்து அனுப்புங்கள்: கேபிள்கள் செருகியபடி ப்ராசஸரின் பின்பக்கம், சாஃப்ட்வேரின் ஆடியோ அமைப்புத் திரை. மாடல் பெயரையும் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை கடைக்குப் போக வேண்டாம்.