அமெரிக்கப் பெருநிறுவனங்களில் கறுப்பினப் பெண் சிஇஓக்கள் ஏன் இவ்வளவு குறைவு?

ஃபார்ச்சூன் 500 (அமெரிக்காவின் மிகப்பெரிய 500 நிறுவனங்களின் பட்டியல்) நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் ஊர்சுலா பர்ன்ஸ், 2009இல், ஜெராக்ஸ் நிறுவனத்தில். 1980இல் அங்கே கோடைக்காலப் பயிற்சிக்கு வந்த மெக்கானிக்கல் இன்ஜினியர். திறமை இருந்தது, சரி. ஆனால் திருப்பம் வேறு இடத்தில். கூட்டமொன்றில் உயரதிகாரி வேலண்ட் ஹிக்ஸிடம் நேருக்கு நேர் வாதாடினார். அதே ஹிக்ஸ் பின்னர் அவரைத் தன் நிர்வாக உதவியாளராக்கிக்கொண்டார். மேல்மட்டத்தில் முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை பர்ன்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தார். இப்படிக் கைதூக்கிவிட ஆள் கிடைப்பதுதான் அரிது. என் பார்வையில் முக்கியக் காரணமே அதுதான். அப்புறம், சிஇஓக்கள் பெரும்பாலும் லாபநட்டப் பொறுப்புள்ள பதவிகளிலிருந்து வருகிறார்கள். கறுப்பினப் பெண்களுக்கோ மனிதவளம் மாதிரியான துறைகளே அதிகம் வாய்க்கின்றன. பர்ன்ஸ் 2016 இறுதியில் அந்தப் பதவியை விட்டபின், 2021இல் ரோசலிண்ட் ப்ரூவர் மருந்துக்கடை நிறுவனமான வால்கிரீன்ஸுக்கு சிஇஓவாக வரும்வரை, இடைக்கால நியமனம் தவிர, அந்த 500இல் ஒருவர்கூட இல்லை.