வாசகர் கேள்வி-பதில்: வாக்கி-டாக்கியில் செல்போன் ஹெட்செட்

கேள்வி: என் பாவ்ஃபெங் யூவி-5ஆர் வாக்கி-டாக்கி செட்டில் செல்போன் ஹெட்செட் மாட்ட ஒரு வயர் செய்தேன். செருகியதுமே செட் தானாக டிரான்ஸ்மிட் ஆகிறது. எங்கே தவறு?

பதில்: கிரவுண்டில்தான், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொது வயரில்தான். இந்தச் செட்டில் இருப்பது கென்வுட் வகை இரட்டைப் பின். 2.5 மி.மீ. பின்னின் நுனி ஸ்பீக்கர், ஸ்லீவ் (பின்னின் அடிப்பக்க உலோகம்) கிரவுண்ட். 3.5 மி.மீ. பின்னின் வளையம் மைக், ஸ்லீவ் பி.டி.டி. (பேசுவதற்கு அழுத்தும் பொத்தானின் இணைப்பு). இரண்டு ஸ்லீவும் ஒன்றையொன்று தொட்டால் செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும். செல்போன் ஹெட்செட்டில் மைக்குக்கும் இயர்போனுக்கும் ஒரே கிரவுண்ட். அதை இரண்டு ஸ்லீவிலும் பற்றவைத்திருப்பீர்கள்.

ஹெட்செட் கிரவுண்டை 2.5 ஸ்லீவுக்கு மட்டும் கொடுங்கள். 3.5 ஸ்லீவிலிருந்து வரும் வயர், ஓர் அழுத்து ஸ்விட்ச் வழியாக அதே கிரவுண்டுக்குப் போகட்டும். ஹெட்செட்டில் உள்ள பொத்தானை இதற்குப் பயன்படுத்த முடியாது. அது மைக்கைக் கிரவுண்டோடு சேர்ப்பதோடு சரி. 2.5 வளையமும் 3.5 நுனியும் வேண்டாம், தனித்தனியாக டேப் சுற்றி விடுங்கள்.

ஹெட்செட் பக்கம் நாலு முனை 3.5 மி.மீ. சாக்கெட் போடுங்கள். நுனியிலிருந்து வரிசை: இடது, வலது, கிரவுண்ட், மைக். பழைய சில ஹெட்செட்டுகளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும், மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. இயர்போன் 16 முதல் 32 ஓம் காட்டும். மைக் ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியே 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் சத்தம் நேராகக் காதுக்குள் போனால் காது கெடும். இந்த ரெசிஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வயரில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. தனித்தனிப் பின் வாங்கிச் செய்தாலும் கழன்றுகொள்கிறது.

பதில்: ஹெட்செட் வயரின் இழைகளுக்கு எனாமல் பூச்சு உண்டு, நடுவில் நைலான் நூலும் ஓடும். பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, சூடான சால்டரிங் இரும்பின் நுனியில் ஈயத் துளி வைத்து அதில் சில விநாடி அமுக்கினால் பூச்சு எரிந்து ஈயம் பிடிக்கும். தனிப் பின்களின் உறை தடித்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் துளைகளில் இரண்டும் முழுதாக இறங்காது. அதே வகைச் செட்டுக்கான மலிவான ஹெட்செட் ஒன்றை வெட்டி, அதன் ஒன்றாக வார்த்த இரட்டைப் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றும் எந்த முனைக்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் கன்டினியுட்டி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேசும்போது எதிர்முனையில் குரல் கரகரக்கிறதாம்.

பதில்: ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை மைக் வயரில் ஏறுகிறது. மைக் வயரை ஷீல்டு (உலோக வலை உறை) உள்ளதாக மாற்றி, மைக் முனைகளுக்குக் குறுக்கே 1 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். செட்டை ஒட்டி வயரின் மேல் மாட்டும் ஒரு ஃபெரைட் கிளிப்பும் உதவும். லோ பவரில் சரியாகி, ஹை பவரில் மட்டும் கரகரத்தால் காரணம் இதுவேதான்.

கேள்வி: இதே வயர் ஐகாம் கம்பெனி செட்டுக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. அங்கே 3.5 ஸ்பீக்கர், 2.5 மைக். பல ஐகாம் கைச்செட்டுகள் மைக் வயரில் மின்னோட்டம் ஓடுவதைக் கொண்டே பி.டி.டி. அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஸ்விட்ச் மைக்கோடு தொடராக இருக்க வேண்டும். மைக்கை நேராக இணைத்தால் செட் டிரான்ஸ்மிட்டிலேயே நின்றுவிடும்.