மாந்தோப்பை அடமானம் வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. மகள் 6-ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். ஆண்டுக்கு 3 லட்சம் கட்டினால் பெங்களூரில் சீட் வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். முன்பணம் 25,000 ரூபாய். தோப்பை வைத்து 12 லட்சம் கல்விக்கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணத்தையும் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகள் கையில் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-இல் வந்தது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இதற்குத் தனி தரவரிசைப் பட்டியல் இருப்பதால், பொதுப் பட்டியலில் பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் நல்ல கல்லூரி கிடைக்க வாய்ப்பு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பெங்களூருக்குப் போனாலோ, இங்கேயே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலோ, அந்த இலவசப் படிப்பு போய்விடும். ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது கடன் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 3 லட்சமாக 4 ஆண்டு, வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனிவட்டியே சுமார் 4.6 லட்சம் சேர்ந்து கடன் 16.6 லட்சமாகியிருக்கும். 10 ஆண்டுக்கு மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் கட்ட வேண்டும். முதல் வேலையில் கைக்கு 25,000 வந்தால் அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும்? கட்ட முடியாமல் போனால் தோப்பு பதில் சொல்லும். மாங்கூழ் ஆலைக்காரர்கள் பெங்களூரா ரக மாங்காய்க்கு விலையை இறக்கும் ஆண்டில் உங்கள் வீட்டு நிலைமை என்ன என்று நீங்களே அறிவீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? கலந்தாய்வில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் பதியலாம். பர்கூர், தருமபுரி அரசு பொறியியல் கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே போடுங்கள். அப்புறம் ஐ.டி., ஏ.ஐ. பிரிவுகள், அதற்கும் கீழே ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) பிரிவு. பெயர் வேறானாலும் டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க் போன்ற அடிப்படைப் பாடங்கள் கணினிப் பிரிவுகளில் பெரும்பாலும் ஒன்றுதான். ஈ.சி.ஈ. படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். பிரிவின் பெயருக்காக நிலத்தை வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

7.5 ஒதுக்கீட்டில் பிடித்த இடம் அமையாவிட்டால், பொதுக் கலந்தாய்வில் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. மீதித் தேவைக்குக் கல்விக்கடன் வாங்கினால் போதும். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து, 2 ஆண்டு எம்.சி.ஏ. படிப்பதும் நல்ல வழிதான்.

உங்கள் கைப்பணம் தேவைப்படுவது லேப்டாப்புக்கு. 16 ஜி.பி. ரேம் உள்ளதாக வாங்கிக் கொடுங்கள். மாங்காய்ப் பணம் வரும்போது 50,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இந்த வாரமே தலைமையாசிரியரைப் பார்த்து, 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை வாங்கிவிடுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். முதல் பட்டதாரி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.