கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா? வாசகர் கேள்விகள்

கே: நம் சூரியனும் ஒருநாள் கருந்துளை ஆகிவிடுமா?

ஆகாது. கருந்துளை என்பது ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு கொண்டது. அப்படி ஆவதற்கு வேண்டிய நிறை சூரியனிடம் இல்லை. சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து அதன் மையத்திலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். அது ஊதிப் பெருத்துச் செம்பூதமாகி, வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு, கிட்டத்தட்ட பூமி அளவுள்ள, வெண்குள்ளன் என்ற அடர்ந்த எச்சமாக நின்றுவிடும். எலக்ட்ரான்கள் கொடுக்கும் அழுத்தம் அதற்கு மேல் சுருங்க விடாது.

அந்த அழுத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கில் இறங்கிவிட்டார். சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது. 1935இல் லண்டனில் வானியலாளர்கள் கூடிய சபையில் அன்றைய புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் இதை மறுத்துப் பேசினார். அந்த இளைஞரின் கணக்குதான் சரி. நோபல் பரிசு வந்தது 1983இல். இவ்வளவு தாமதம் எனக்கு இன்றும் வருத்தமே.

சரி, கருந்துளை ஆவது எது? பெரும்பாலும், பிறக்கும்போதே சூரியனைவிடச் சுமார் 20 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள். அவற்றின் மையத்தில் கடைசியில் இரும்பு சேர்கிறது. இரும்பை இணைத்து ஆற்றல் எடுக்க முடியாது. தாங்க ஆற்றல் இல்லாமல் மையம் ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. நியூட்ரான்களாலும் அதைத் தாங்க முடியாமல் போனால், அப்புறம் தடுக்க எதுவுமில்லை.

கே: சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி உள்ளே போய்விடுமா?

போகாது. பூமி இப்போதுபோலவே ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும். வெளிச்சமும் வெப்பமும்தான் போய்விடும். அந்தக் கருந்துளையின் ஆரம் வெறும் 3 கிலோமீட்டர். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு ஈர்ப்பில் மாற்றம் தெரியாது. கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மிக அருகே போனால்தான் ஆபத்து. பால்வீதியின் மையத்தில் 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றி வருகிறது, விழவில்லை. இப்படிப்பட்ட விண்மீன்களின் பாதையை அளந்துதான் அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 2020 நோபல் பரிசில் ஒரு பாதி இந்த வேலைக்கு.

கே: ஒளியே வெளிவராது என்றால் 2019இல் படம் எடுத்தது எப்படி?

படத்தில் ஒளிர்வது கருந்துளை அல்ல, அதைச் சுற்றிச் சுழலும் கொதிக்கும் வாயு. நடுவில் தெரியும் இருட்டு அதன் நிழல். எம்87 விண்மீன் மண்டலத்தில் உள்ள அதன் நிறை 650 கோடி சூரியன்கள். பல கண்டங்களிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இயக்கி எடுத்த படம் அது. ஆரஞ்சு நிறம் நம் கண்ணுக்காகச் சேர்த்தது.

கே: உள்ளே விழுந்தால் என்ன ஆகும்?

கருந்துளையின் அளவைப் பொறுத்தது. சிறியது என்றால், காலுக்கும் தலைக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசமே ஒளியும் திரும்ப முடியாத அதன் எல்லையைத் தொடுமுன் உடலைக் கிழித்துவிடும். எம்87 போன்ற பெரியதில் எல்லையைக் கடப்பதே உணரப்படாமல் போகலாம். ஆனால் திரும்பி வர வழியில்லை.

கே: இரண்டு கருந்துளைகள் மோதினால்?

ஒன்றாகிவிடும். 2015 செப்டம்பர் 14 அன்று விண்வெளியையே நெளியவைத்துப் பரவும் ஈர்ப்பலைகளை உணரும் அமெரிக்காவின் லைகோ கருவிகள் இதைப் பதிவுசெய்தன. சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ளவை இணைந்து 62 ஆயின. மிச்சம் 3 சூரிய நிறை ஈர்ப்பலைகளாக வெளியேறியது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதேபோன்ற கருவியை அமைக்க 2023இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதுவும் இயங்கத் தொடங்கினால், அலை வானத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்.