சேவல் என்னவாயிற்று?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். அப்பா விசைப்படகில் டிரைவர். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரமெல்லாம் சினிமாதான்.

2025 ஆகஸ்ட் முதல் தேதி, 2023ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுப் பட்டியல் வந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘சித்தா’வுக்கு ஒன்றும் இல்லை. ‘விடுதலை’ முதல் பாகத்துக்கும் இல்லை. ‘மாமன்னன்’ வடிவேலுவை யாருக்கும் ஞாபகமே வரவில்லை. சிறந்த நடிகர்களில் ஒருவர் ‘ஜவான்’ ஷாருக் கான். சிறந்த தமிழ்ப் படம் ‘பார்க்கிங்’. கார் நிறுத்தும் தகராறுக்குத் தேசிய விருதா? எம்.எஸ்.பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. அவர் யாருக்குத் துணை? நம் கரையில் தொடங்குகிற ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைக்கூட மறந்துவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு ‘ஜெய் பீம்’, ‘கர்ணன்’, ‘சார்பட்டா பரம்பரை’ மூன்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டவர்கள்தானே. அதில் ‘ஜெய் பீம்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம்.

இவர்கள் கொடுக்காவிட்டால் என்ன என்று நானே ஒரு பட்டியல் போட்டேன். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, பாடல், பின்னணி இசை, துணை நடிகர், துணை நடிகை என்று மூன்று ஆண்டுகளுக்கும் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன வருடம் ‘கொட்டுக்காளி’ பார்க்க பாலம் தாண்டி பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். ஐந்தாம் நாள்தான் லீவு கிடைத்தது. அதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு மொபைலில் வந்தபோது அப்பாவோடு பார்த்தேன். அவர் சாதாரணமாக அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவார். இதில் தூங்கவில்லை. நடுவில், அந்த ஆட்டோவுக்கு டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்றார். முடிந்ததும், படத்தில் பின்னணி இசையே இல்லை, கவனித்தீர்களா என்று கேட்டேன். அப்படியா என்றார். பிறகு, பலி கொடுக்கக் கொண்டுபோகிற அந்தச் சேவல் என்னவாயிற்று என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் கோபத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை யாரும் மறக்கவில்லை. அது 2025 மே முதல் தேதி வெளியான படம். இப்போது அறிவித்தது 2023இல் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களுக்கு. தேசிய விருதில் கணக்கு தியேட்டருக்கு வந்த தேதியை வைத்துக் கிடையாது, சான்றிதழ்த் தேதியை வைத்துத்தான். ‘கடைசி விவசாயி’ 2022 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது, ஆனால் 2021ஆம் ஆண்டுப் படமாக எண்ணப்பட்டுச் சிறந்த தமிழ்ப் படமானது. நீங்கள் குறிப்பிடும் மூன்று படங்களும் வெறுங்கையோடு திரும்பிய அதே பட்டியல்தான் அது. அதில் நல்லாண்டி என்கிற முதியவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தார்கள். நடிகர் இல்லை, உண்மையான விவசாயி. படம் வெளிவரும் முன்பே இறந்துபோனார். அந்த நடுவர் குழுவின் மீது எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நல்லாண்டி நடக்கிற நடையைப் பார்த்து நின்ற கண் அதே குழுவுக்குள்தான் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘ஜெய் பீம்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போகவில்லை. அந்த ஆண்டு சிறந்த படத்துக்குப் போட்டியிடத் தகுதி பெற்றவை என்று 276 படங்களின் பெயரை வெளியிட்டார்கள். அதில் இதுவும் ஒன்று. பரிந்துரை என்பது அதற்கு அடுத்த படி, அது கிடைக்கவில்லை. இந்தியாவின் அதிகாரபூர்வ நுழைவாக அந்த ஆண்டு போனது ‘கூழாங்கல்’. 1969இன் ‘தெய்வ மகன்’ தொடங்கி இப்படி அனுப்பப்பட்ட தமிழ்ப் படங்கள் பத்து. ஒன்றுகூட இறுதிச் சுற்று ஐந்துக்குள் வரவில்லை. அந்தப் பத்தில் சரிபாதி நம் பரமக்குடிக்காரர் கமல்ஹாசன் நடித்தவை. இந்த ஜூனில் ஆஸ்கர் அகாடமி அவரை உறுப்பினராகச் சேர அழைத்தது. ஆக, மாவட்டத்துக்கு ஓர் ஓட்டு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பட்டியல். சிறுமிகள் மீதான பாலியல் கொடுமையைப் பேசும் ‘சித்தா’வைப் பற்றி நீங்கள் சொல்வதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். அதைப் பார்த்த இரவு என் தங்கை தன் மகளை மடியில் உட்காரவைத்து, பள்ளிக்கூட ஆட்டோவில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று முதன்முறையாகக் கேட்டாள். குழந்தை நட்சத்திர விருதை இந்த முறை ஐந்து குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். ஆறாவதாக ‘சித்தா’வில் நடித்த சிறுமிக்கும் ஒரு பங்கு போட்டிருந்தால் யாருடைய பதக்கமும் தேய்ந்திருக்காது. ‘மாமன்னன்’ வடிவேலுவும் சரி. ஆனால் படம்? பாதிக்கு மேல் தேர்தல் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. ஷாருக் கான் விஷயத்தில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

‘பார்க்கிங்’கைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னைச் சீண்டியது. கார் நிறுத்தும் தகராறுக்கு விருதா என்கிறீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்கிற கேள்வியா இது? புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் எந்தப் படகை எங்கே கட்டுவது என்று சம்மாட்டிகளுக்குள், அதாவது படகு முதலாளிகளுக்குள், வருகிற பேச்சை நீங்கள் கேட்டதே இல்லையா? கயிற்றில் தொடங்கும், பாட்டன் காலத்துக்குப் போகும், அப்புறம் இரண்டு வீட்டுப் பெண்களும் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தொண்டியில் நான் வளர்ந்த தெருவில் ஒரு திண்ணையின் ஓரத்துக்காக இரண்டு குடும்பங்கள் பதினோரு வருடம் பேசாமல் இருந்தன. அந்தப் படம் அதைத்தான் ஒரு வாடகை வீட்டின் வாசலில் வைத்துப் பார்க்கிறது. இரண்டு பேருமே நல்லவர்களாகத் தொடங்குகிறார்கள், அதுதான் பயமுறுத்துகிறது. திரைக்கதைக்கும் அதற்கு விருது உண்டு, நியாயமாகவே. எம்.எஸ்.பாஸ்கரைப் பற்றி நீங்கள் கேட்டது மட்டும் சரியான கேள்வி. கதையின் பாதிப் பாரத்தைச் சுமக்கிறவர் எப்படித் துணை நடிகர்? மலையாளப் படமான ‘உள்ளொழுக்கு’க்காக அதே துணைப் பிரிவில் விருது பெற்ற ஊர்வசியும் இதைத்தான் வெளிப்படையாகக் கேட்டார். வயதானவர்கள் என்றாலே துணை என்று எழுதிவிடுகிற பழக்கம் சினிமாவுக்குள் மட்டும் இருக்கிறதா என்ன.

சரி, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. சிரித்தேன், கண்ணும் கலங்கியது. ஆனாலும் அது தொடங்குவது நம் கரையில் என்பதற்காக நீங்கள் கொடுக்கிற கூடுதல் மதிப்பெண்ணை நான் கொடுக்க மாட்டேன். 2022 மார்ச்சிலிருந்து இலங்கையின் பஞ்சம் தாங்காமல் வந்தவர்களை உங்கள் தீவு பார்த்தது. படகுக்காரர்கள் இருட்டில் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளோடு தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் காத்திருப்பார்கள். மீட்கிறவர்கள் வந்து கொண்டுபோவது மண்டபம் முகாமுக்கு. படத்தின் குடும்பமோ, பிடிபட்ட இடத்தில் ஒரு போலீஸ்காரரின் மனம் இளகி, நேரே சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கதைக்கு அது தேவை, புரிகிறது. ஆனால் சினிமாவுக்கு நம் கரை பெரும்பாலும் ஒரு வாசற்படிதான். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ மட்டும் முகாமுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தது, பிறகு அதுவும் எழுந்து போய்விட்டது.

புறக்கணிக்கப்பட்ட படங்கள் என்று இத்தனை எழுதியிருக்கிறீர்கள், ‘செங்கடல்’ என்ற பெயர் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. லீனா மணிமேகலை எடுத்தது. தனுஷ்கோடி மீனவர்களே அதில் நடித்தார்கள். சென்னைத் தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போராடித்தான் 2011இல் வெளியே வந்தது. அந்தத் தீர்ப்பாயத்தையே 2021இல் கலைத்துவிட்டார்கள், இனி அப்படி ஒரு படம் வந்தால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் படம் முழுக்க எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் இயக்குநர் நமக்கும் அந்த மக்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறார். ஆனால் 1964 புயலுக்குப் பிறகு குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு எழுதிவைத்த மணலில் ஆட்கள் வாழ்கிறார்கள் என்பதை அவர்களுடைய முகத்தை வைத்தே காட்டிய படம் அது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசிப் பத்திக்காக. விருதுகளைப் பற்றிய பகுதியை ஒருமுறை படித்தேன், இதை மூன்று முறை.

‘கொட்டுக்காளி’யைப் பார்த்துவிட்டு அன்றிரவு நோட்டில் நான் எழுதிய முதல் வரி: ‘பின்னணி இசை இல்லை.’ அந்தப் படத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் இதைத்தான் எழுதினார்கள். பெர்லின் விழாவுக்குப் போனது, இசை இல்லை, முடிவு இல்லை. இல்லாதவற்றை எண்ணிக்கொண்டிருந்தோம். உங்கள் அப்பாவுக்கு இசை இல்லாததே தெரியவில்லை, ஏனென்றால் அவருக்குக் கேட்க அதில் வேண்டிய மட்டும் இருந்தது. பைக்குகளும் ஆட்டோவும் முன்னும் பின்னுமாக ஊர்கிற அந்தப் பயணத்தில் எஞ்சின்தான் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டு, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வருகிற சூரிக்குக் குரல் எழும்பவில்லை. அன்னா பென் பேச மறுக்கிறாள். அவள் பேச வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் சாமியாடியிடம் புறப்பட்டிருக்கிறார்கள். பேசக்கூடியவர்கள் பேசாத இடத்தில் மற்ற சத்தங்கள் மேலே வருகின்றன. அதை உங்கள் அப்பா டீசல் ஃபில்டர் என்று சொன்னார். நான் அதை ஒரு பக்கம் எழுதியும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவருக்கு அது வராமல் எப்படி இருக்கும்? எஞ்சின் எப்போது திணறுகிறது என்று காதால் பிடிக்காவிட்டால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். இருட்டில் எதிரே வருவது நம் ஆள் படகா, ரோந்துப் படகா என்று விளக்கு தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் படகு காங்கேசன்துறையிலும் ஆள் யாழ்ப்பாணச் சிறையிலும் இருப்பார்கள். அந்தக் காதோடு அவர் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார்.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எட்டுப் பிரிவுகள். ஒலி வடிவமைப்பு அதில் இல்லை. தேசிய விருதில் அந்தப் பிரிவு உண்டு. இந்த முறை அது ‘அனிமல்’ படத்துக்குப் போனது. அதைப் பற்றி ஒரு ரசிகரும் சோறு இறங்காமல் தவித்ததாக நான் கேள்விப்படவில்லை. படத்தொகுப்பும் உங்கள் பட்டியலில் இல்லை. நடுவர்கள் விட்டுவிட்டார்கள் என்று அடித்து எழுதுகிற நாம் எவற்றை விடுகிறோம் என்று எனக்கும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்கிறேன். நடுவர்களாவது 300க்கும் மேற்பட்ட படங்களை வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஐந்தாம் நாள் படத்தை எடுத்துவிட்டதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உண்மையான புகார் அதுதான். ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்த அந்தப் படம் நம் ஊர்க் கைப்பேசிகளுக்கு வர 2023 அக்டோபர் ஆனது. அதே இயக்குநர் வினோத்ராஜின் அடுத்த படத்தைப் பார்க்கத்தான் நீங்கள் பாலம் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறீர்கள். விருது கொடுக்காத நடுவரை நீங்கள் திட்டலாம், அவருக்கு ஒரு முகவரியாவது இருக்கிறது. நான்கு நாளில் படத்தை மாற்றிய தியேட்டர்க்காரரை என்ன சொல்வது? அவருக்கு மின்கட்டணம் இருக்கிறது. நாற்பது பேர்கூட வராத காட்சியை அவர் எத்தனை நாள் ஓட்டுவார்? லீவு கிடைக்காத ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளையும் அந்த நாற்பதில் வராமல் போனவர்களில் ஒருவர்தானே. திட்டுவதாக நினைக்காதீர்கள். நானும் அதை நான்காம் நாள்தான் போய்ப் பார்த்தேன், அரங்கில் பதினேழு பேர்.

பட்டியலைத் திருப்பி அனுப்பவில்லை, என்னிடமே இருக்கட்டும். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். வருகிற மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் அப்பா கரையில்தானே இருப்பார். அவரோடு உட்கார்ந்து படம் பாருங்கள். எங்கே தூங்கினார், எங்கே எழுந்தார், என்ன சொன்னார் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதை இரண்டாவது பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ‘செங்கடல்’ கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். தனுஷ்கோடிக் காட்சிகளில் அவர் வாயைத் திறந்தால் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை என்கிறார்கள். மீன்பாடு எப்படி இருக்கிறது, இறால் விலை என்ன என்றும் எழுதுங்கள்.

அந்தச் சேவலைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நான் இரண்டாம் முறையும் பார்த்துவிட்டேன். என்னவாயிற்று என்று எனக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா