ஒரு டம்ளரும் ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும்

கேள்வி: உயிர்மருத்துவ இளநிலை மாணவர்களுக்கு உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று தனித்தனியாக நடத்தாமல், ஒரு பிரச்சினையைக் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்து நடத்துவது பலன் தருமா? எழுதப் பழக்குவதும் அறிவியல் ஆசிரியரின் வேலையா?

இரண்டுக்கும் ஆம் என்பேன். முதலாவதை ஒப்புக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. இரண்டாவதற்கு ஒரு டம்ளர் தேவைப்பட்டது.

பிரச்சினையை முன்னால் வைத்துக் கற்பிப்பது புதிய சங்கதி அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969இல் முதல் அணியைச் சேர்த்தபோதே இப்படித்தான் தொடங்கியது. நம் துறை அறையில் இதைச் சொன்னால், “எல்லாம் சரி, போர்ஷனை யார் முடிப்பது?” என்பார்கள். நியாயமான கேள்விதான், பிறகு வருகிறேன்.

நான் எடுப்பது காலரா. தேர்வில் காலரா நச்சின் செயல்பாட்டை விளக்கச் சொன்னால் என் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒன்றரைப் பக்கம் எழுதுவார்கள். நச்சு குடல் செல்லுக்குள் போகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறுகிறது, குளோரைடு வாய்க்கால் திறந்தபடியே நிற்கிறது, அதன் பின்னால் சோடியமும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. ஓர் அம்புக்குறிகூடத் தப்பாது. “சரி, குடல்தான் நீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறதே, வாய்வழியே கொடுக்கும் உப்புநீர் எப்படி உள்ளே போகும்? அதில் சர்க்கரை எதற்கு?” என்று கேட்டால், “தெம்புக்கு, சார்” என்று பதில் வரும்.

ஒரு குளுக்கோஸ் இரண்டு சோடியத்தைக் கூட்டிக்கொண்டு ஒரே வாசல் வழியாகச் செல்லுக்குள் நுழையும் என்று முந்தைய செமஸ்டரில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் இவர்கள். அந்த வாசலைக் காலரா நச்சு தொடுவதில்லை, ஓ.ஆர்.எஸ். என்கிற அந்த உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதே அதனால்தான். ஒரு செய்தி நுண்ணுயிரியல் நோட்டில், இன்னொன்று உடலியங்கியல் நோட்டில். இரண்டு நோட்டும் ஒரே பையில் இருந்தும் சந்தித்ததே இல்லை.

அதனால் 1971ஐக் கொடுக்கிறேன். வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில் அகதிகள் குவிகிறார்கள், காலரா பரவுகிறது, டிரிப்ஸ் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருக்கிறது. கையில் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா. என்ன செய்வீர்கள்? மூன்று வகுப்புகள் முட்டிமோதிய பிறகுதான் அங்கே சிகிச்சை அளித்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸின் கணக்கைக் காட்டுவேன்: லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. ஒரு மாணவி உடனே, “பொட்டாசியம் எங்கே, சார்?” என்றாள். வருடம் முழுவதும் நான் காத்திருப்பது இப்படி ஒரு கேள்விக்காகத்தான். (இன்றைய பொட்டலத்தில் அது இருக்கிறது, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடாக.)

இத்தோடு முடித்துக்கொண்டு சில ஆண்டுகள் திருப்தியாக இருந்தேன். ஒருமுறை மட்டும், ஏதோ தோன்றி, பொட்டலத்தின் மேல் அச்சிடும் குறிப்பை ஆளுக்கொன்று எழுதச் சொன்னேன். வகுப்பே மெச்சிய ஒன்று இப்படி இருந்தது: “இப்பொட்டலத்தைப் போதுமான தூய நீரில் கரைத்து, நோயாளிக்கு அவ்வப்போது பருகத் தரவும்.” அதையும் ஒரு பொட்டலத்தையும் எங்கள் ஆய்வக உதவியாளர் அக்காவிடம் கொடுத்துக் கலக்கச் சொன்னோம். அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கினார்.

“லிட்டர் கணக்கில் கரைக்க வேண்டுமே, அக்கா” என்றான் எழுதியவன்.

“வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிற பிள்ளை ஒரு டம்ளர் குடிப்பதே பெரிய பாடு. ஒரு லிட்டரைக் கரைத்து நான் என்ன செய்வது, தம்பி?”

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஒரு லிட்டருக்கான பொட்டலம் 200 மில்லியில் கரைந்தால் எல்லாம் ஐந்து மடங்கு. சோடியம் 75 மில்லிமோலுக்குப் பதில் 375. கரைசலின் செறிவு 245க்குப் பதில் 1225. இரத்தத்தின் செறிவு 290 அளவில்தான் இருக்கும். நீர் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகாது, இரத்தத்திலிருந்து குடலுக்கு வரும். பிள்ளைக்குப் போக்கு கூடும், இரத்தத்தில் உப்பும் ஏறும். சவ்வூடுபரவலை ஆறாம் முறையாகப் படிக்கிற வகுப்பு அது. அன்றுதான் அதற்கு அது உறைத்தது.

“போதுமான” என்ற சொல்லைப் போட்டவனுக்குத் தமிழ் நன்றாகவே வரும். உடலியங்கியல்தான் அந்த இடத்தில் ஓட்டையாக இருந்தது, அழகான சொல் அதை மூடியிருந்தது. அதன்பிறகு நான் நடை திருத்துவதில்லை. ‘இதைப் படித்தவர் கை என்ன செய்யும்?’ என்று மட்டும் ஓரத்தில் எழுதுகிறேன். அந்தக் குழு மறுவாரம் கொண்டுவந்த குறிப்பில், கழுவிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் படம் இருந்தது. கீழே: “முழுப் பொட்டலம், முழு பாட்டில் தண்ணீர். பிள்ளை கொஞ்சம்தான் குடிக்கும், பரவாயில்லை. அடிக்கடி கொடுங்கள். நாளை இதே நேரத்துக்கு மேல் மீதியைக் கொட்டிவிடுங்கள்.”

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980களில் வீடு வீடாகச் சென்று இதைச் சொல்லிக்கொடுத்தது. பொட்டலம்கூடக் கிடையாது: மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) தண்ணீர். பணியாளர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்த்துக் கூலி தரவில்லை. பிறகு போய்க் கேட்டால் தாய்மாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்துத் தந்தார்கள். என் சம்பளத்தை அப்படிக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. அதிக நேரம் நினைப்பதில்லை.

இனி போர்ஷன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முயலாதீர்கள். நான் முயன்று, பாதி செமஸ்டரில் திணறி, சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு வைத்தவன். செமஸ்டருக்கு ஒரு பிரச்சினை, ஆறு மணி நேரம் போதும். முதல் செமஸ்டரில் வேண்டவே வேண்டாம், இணைத்துப் பார்க்க நோட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? எட்டுப் பேர் குழுவில் இரண்டு பேர்தான் பேசுவார்கள். பேசாதவர்தான் குறிப்பை எழுத வேண்டும் என்று வைத்துவிட்டேன், இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

எனக்கு இன்னும் கைவராதது வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்தப் பொட்டாசியம் கேள்விக்கு அரை நிமிடத்தில் நானே பதிலைச் சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டி, எழுதிக்கொண்டு, உட்கார்ந்துவிட்டாள்.